அழிரப்பர் வைக்காத மேசை

காந்தம் சூடேறினால் வலுக் குறையும். ஒன்பதாம் வகுப்பில் படித்துப் பரீட்சையோடு மறந்துவிடுகிற சங்கதி. 1852இல் ஸ்காட்லாந்துக்காரரான ஜான் ஆலன் புரூன் திருவனந்தபுரம் வந்து பொறுப்பேற்றபோது, இந்தச் சின்ன சங்கதிதான் அவருக்கு அன்றாடத் தலைவலியாக வாய்த்தது.

பாளையத்துக்குப் பக்கத்துக் குன்றில் சுவாதித் திருநாள் மகாராஜா 1837இல் ஏற்படுத்திய வானாய்வுக்கூடம் இருக்கிறது. இங்குள்ளவர்களுக்கு அது நட்சத்திர பங்களா. முதல் இயக்குநராக இருந்த ஜான் கால்டிகாட் 1849இல் இறந்துபோனார். அடுத்து வந்தவர் புரூன். நட்சத்திரம் பார்க்கக் கட்டிய இடத்தில் அவர் பெரும்பாலும் குனிந்து காந்தங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதற்குக் காரணம் உண்டு. பூமியின் காந்த நடுக்கோடு தென்னிந்தியாவின் நுனியில், நம் ஊரை ஒட்டிப் போகிறது. அந்தக் கோட்டுக்கு மேலே, சுமார் 100 கிலோமீட்டர் உயரத்தில், பகல் நேரத்தில் பெரும் மின்னோட்டம் ஒன்று கிழக்கு நோக்கி ஓடுகிறது. புரூன் காலத்தில் அப்படி ஒன்று இருப்பது யாருக்கும் தெரியாது. அதன் விளைவு மட்டும் தரையில் தெரியும்: காலையிலிருந்து பூமிக் காந்தத்தின் கிடைவிசை ஏறி, நண்பகலை ஒட்டி உச்சம் தொட்டு, பிறகு இறங்கும். இதே மின்னோட்டத்தை ஆராயத்தான் பிற்பாடு ராக்கெட் ஏவும் இடமாகத் தும்பாவைத் தேர்ந்தெடுத்தார்கள். 1963 நவம்பர் 21இல் அங்கிருந்து முதல் ராக்கெட் போனது.

சிக்கல் எங்கே என்றால், அதே பகல் நேரத்தில்தான் அறையும் சூடேறுகிறது. சூடேறிய காந்தம் வலுக் குறைந்து, பூமியின் விசையே குறைந்துவிட்டதுபோலக் காட்டும். மெய்யும் பிழையும் ஒரே சூரியனைப் பார்த்து நடக்கின்றன. பிழை தாறுமாறாக வந்தால் கவலை இல்லை. நிறைய நாள் அளந்து சராசரி எடுத்தால் ஒன்றை ஒன்று அடித்துக்கொண்டு கரைந்துவிடும். நாள் தவறாமல் அதே மணிக்கு வருகிற பிழை அப்படிக் கரையாது. ஆயிரம் நாள் சராசரி எடுத்தால் அது இன்னும் பளிச்சென்று, உண்மைபோலவே நிற்கும்.

காந்தத்துக்குப் பக்கத்தில் வெப்பமானியை வைத்து, ஒரு பாகை ஏறினால் இந்தக் காந்தம் எவ்வளவு சோரும் என்று கண்டுபிடிக்க வேண்டும். எல்லாக் காந்தத்துக்கும் பொதுவான கணக்கு கிடையாது. ஒவ்வொன்றின் சுபாவமும் தனி. அதைக் கண்டபிறகுதான் திருத்தம். இதுவும் போதாது. ஓரிடத்துக் கருவியின் குணத்தை அந்த ஓரிடத்தை மட்டும் வைத்து முழுக்க அறிய முடியாது. புரூன் 1855இல் அகஸ்தியர் மலையின் உச்சியில் இன்னொரு கூடம் ஏற்படுத்தினார். ஆறாயிரம் அடிக்கு மேல். வழியெல்லாம் யானைக் காடு. இன்றைக்கு அனுமதிச் சீட்டு எடுத்து மலையேறும் இளைஞர்களே திரும்பி வந்து அட்டைக்கடிக்கு மருந்து தேடுகிறார்கள். அங்கே மரமும் கருவியும் சுமந்து போனவர்களை நினைத்தால் எனக்குப் பெருமூச்சு வரும். அவர்கள் பெயரெல்லாம் சரித்திரத்தில் பெரிய எழுத்தில் இல்லை.

பிறகு அவர் உலகத்தின் பல மூலைகளில் எடுத்த அளவீடுகளை அருகருகே வைத்துப் பார்த்தார். கிடைவிசையில் நாளுக்கு நாள் வரும் ஏற்ற இறக்கம் வெகுதூரத்து ஊர்களிலும் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருந்தது. ஏறக்குறைய 26 நாளுக்கு ஒருமுறை திரும்பி வருகிற ஒரு அலையும் அதில் இருந்தது. சூரியன் தன்னைத்தானே சுற்றும் காலத்தோடு அதைப் பொருத்தினார். எல்லா ஊருக்கும் பொதுவாக நடப்பது பூமியின் சங்கதி, ஓர் ஊரில் மட்டும் நடப்பது அந்த ஊர்க் கருவியின் சங்கதி. இப்படிப் பிரித்தறியும் வழக்கத்தைத்தான் இன்று சென்சார் வலையில் வேலை செய்கிற பிள்ளைகள் புதிதாகக் கற்கிறார்கள்.

1865இல் அவர் ஊர் திரும்பினார். திருவனந்தபுரத்துக் காந்த அளவீடுகளின் முதல் தொகுதி 1874இல்தான் லண்டனில் அச்சேறியது. 1879இல் இறந்துபோனார். அளந்தது பதின்மூன்று வருடம். அளந்ததைச் சுத்தம் செய்ய மீதி ஆயுள் முழுக்கப் போயிற்று. கடைசிக் காலத்தில் பிற நாட்டுக் கூடங்களின் கணக்குகளையும் எடுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம். இந்த வேலைக்கு வந்தவர்களுக்கு இது ஒரு வியாதி; எனக்கும் கொஞ்சம் உண்டு.

நான் நாகர்கோவில்காரன். அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்துப் பையன்கள் வேலைக்கு வடமேற்கே பார்த்தால் திருவனந்தபுரம், வடகிழக்கே பார்த்தால் திருநெல்வேலி. நான் திருவனந்தபுரம் வந்தேன். கருவிகளைப் பழுது பார்ப்பதும், அவை சொல்வதைப் பதிவேட்டில் ஏற்றுவதும், பின்னாளில் அந்தப் பதிவைக் கணினிக்குள் தள்ளுவதுமாக உத்தியோகம் ஓடியது. கரமனையில் வீடு. இப்போது ஓய்வு.

சேர்ந்த முதல் நாளே என் மேலதிகாரி என் மேசையிலிருந்த அழிரப்பரை எடுத்துத் தம் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். பதிவேட்டில் பேனாதான். தப்பாக எழுதிவிட்டால் ஒரே ஒரு கோடு, கீழே உள்ள எண் தெரிகிற மாதிரி. பக்கத்தில் சரியான எண், சுருக்கெழுத்து, தேதி. ஏன் மாற்றினாய் என்று குறிப்புப் பத்தியில் ஒரு வரி. மேலே எழுதிக் கனமாக்குவது, சுரண்டுவது, வெள்ளை மை பூசுவது எதுவும் ஆகாது. “சந்தேகம் வந்தால் சந்தேகத்தை எழுது. எண்ணைத் தொடாதே” என்பார். அப்போது எனக்கு அது அரசாங்கக் கெடுபிடியாகத் தெரிந்தது. இத்தனை வயசில், மனிதர்களோடு வாழ்வதற்கும் அதைவிடப் பெரிய உபதேசம் எனக்குக் கிடைத்ததில்லை என்று சொல்வேன்.

மழைமானியை எடுத்துக்கொள்ளுங்கள். தானே பதிவு செய்கிற மழைமானிக்குள் சிறிய இரட்டைக் கிண்ணம் ஏற்றமரம்போல ஆடும். புனலில் விழுந்த மழை ஒரு பக்கக் கிண்ணத்தில் சேர்ந்து, குறிப்பிட்ட அளவு ஆனதும் அது கவிழும். மறுபக்கம் நிரம்பத் தொடங்கும். ஒவ்வொரு கவிழ்தலுக்கும் ஒரு துடிப்பு. எளிமையான ஏற்பாடு. ஆனால் எடவப்பாதி, அதாவது தென்மேற்குப் பருவமழை, அடித்துப் பெய்யும்போது கிண்ணம் கவிழ்ந்து திரும்புவதற்குள் விழுகிற தண்ணீர் கணக்கில் வராது. பெருமழையைக் குறைத்தே சொல்லும். இது தெரிந்த குறை, திருத்திக்கொள்ளலாம். தெரியாத குறை பலா இலையில் இருக்கிறது. காற்றில் பறந்து வந்த ஓர் இலை புனல் வாயை அடைத்துக்கொள்ளும். ஊரே முழங்கால் தண்ணீரில் நிற்கும்போது கருவி மழை 0 என்று சொல்லும். மறுநாள் பளீரென்று வெயில் அடிக்கும்போது, அடைபட்டிருந்த தண்ணீர் சொட்டுச் சொட்டாக இறங்கி, விட்டுவிட்டு மழை பெய்வதாகச் சொல்லும். எறும்பு கூடு கட்டினாலும் இதேதான். பல்லி முட்டையிட்டாலும் இதேதான்.

இங்கே கவனிக்க வேண்டியது அந்த 0. பழைய பதிவேட்டில் மழை பெய்யாத நாளுக்கு 0 எழுதுவோம். அளக்காத நாளுக்குக் கோடு போடுவோம். இரண்டும் வேறு. முதலாவது, பார்த்தேன், இல்லை என்று சொல்கிறது. இரண்டாவது, பார்க்கவில்லை என்று சொல்கிறது. கணினி வந்தபின் இந்தக் கோட்டுக்கு வந்த ஆபத்து கொஞ்சமல்ல. வெற்றிடம் கண்டால் 0 போட்டு நிரப்புகிற நிரல்களை எழுதியவர்கள் ஏராளம். கூட்டிப் பார்த்தால் அந்த வருடம் வறட்சி.

வீட்டில் நடப்பதும் இதுவே. கேட்டதற்கு மருமகள் பதில் சொல்லவில்லை என்றால் “அவளுக்கு இஷ்டமில்லை” என்று எழுதிக்கொள்கிறோம். அழைப்பிதழ் கொடுத்தும் ஒருவர் வரவில்லை என்றால் “மதிக்கவில்லை”. கோடு போட வேண்டிய இடத்தில் பூஜ்யம் போட்டுவிட்டு, மொத்தத்தைக் கூட்டிப் பார்த்து, உலகத்தில் ஈரமே இல்லை என்று திண்ணையில் உட்கார்ந்து சொல்கிற எத்தனையோ பேரை எனக்குத் தெரியும். எல்லாரும் என் வயசுக்காரர்கள்.

விட்டுப்போகிற பதிவு என்றால் இன்றைக்கு எல்லாரும் கண்ணால் காணக்கூடிய இடம் சுங்கச்சாவடி. 2021 பிப்ரவரியில் நாடு முழுக்க ஃபாஸ்டேக் கட்டாயமாயிற்று; அதே வருடம் கழக்கூட்டம்–காரோடு புறவழியில் திருவல்லம் சாவடி வசூலைத் தொடங்கியது. வண்டிக் கண்ணாடியில் ஒட்டியிருக்கிற அந்தப் பட்டைதான் ஆர்எஃப்ஐடி டேக். அதற்குள் பேட்டரி கிடையாது. மேலே பொருத்திய ஆன்டெனா 865 மெகாஹெர்ட்ஸை ஒட்டிய ரேடியோ அலையை அனுப்புகிறது. அந்த அலையிலிருந்தே துளி மின்சாரம் எடுத்துக்கொண்டு சில்லு விழிக்கிறது. தன் எண்ணை அதே அலையின் எதிரொலியில் ஏற்றித் திருப்பிவிடுகிறது. இடையில் தண்ணீர் நின்றால் அலையை அது உறிஞ்சும்; உலோகம் நின்றால் தடுத்துத் திருப்பும். பக்கத்து வரிசை லாரியின் தகரத்தில் பட்டுச் சிதறிய அலை, இந்த வரிசைக்கு வராத வண்டியையும் வந்ததாகக் காட்டலாம். ஆன்டெனாவின் கீழ் நிற்கிற சில நொடிக்குள் ஒரே டேக் பலமுறை படிக்கப்படும். இருப்பது விட்டுப்போகும், இல்லாதது தோன்றும், ஒன்று பலவாகும். கிட்டங்கியில் பெட்டிக்குப் பெட்டி டேக் ஒட்டி வைத்தாலும், நூலகத்தில் புத்தகத்துக்குப் புத்தகம் ஒட்டினாலும் இந்த மூன்றும்தான் கோளாறு.

பல தடவை படித்ததை ஒன்றாக்குவது சுலபம். விட்டுப்போனதைச் சமாளிப்பதுதான் கஷ்டம். 2006இல் ஷான் ஜெஃப்ரி, மினோஸ் கரோஃபலாகிஸ், மைக்கேல் ஃபிராங்க்ளின் என்ற மூவர் இதைப் பற்றி ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதினார்கள். அன்றைய ரீடர்கள் நடைமுறையில் பல சமயம் 60–70 சதவீத டேக்குகளைத்தான் படிக்கின்றன என்று அதில் குறிப்பிட்டிருந்தார்கள். கருவிகள் இப்போது வெகுவாகத் தேறிவிட்டன. கேள்வி மட்டும் அப்படியே இருக்கிறது. ஒரு பெட்டி இந்த நொடி படிக்கப்படவில்லை. அலமாரியில்தான் இருக்கிறதா, யாராவது எடுத்துப்போய்விட்டார்களா? கொஞ்ச நேரம் பொறுத்துப் பார், அதற்குள் ஒருமுறை படித்தாலும் இருப்பதாக வைத்துக்கொள் என்பது பழைய முறை. எவ்வளவு நேரம் பொறுப்பது? அதிகம் பொறுத்தால் திருடன் வீடு போய்ச் சேர்ந்தபிறகும் பெட்டி இருப்பதாகவே கணக்கு சொல்லும். பொறுக்காவிட்டால் நொடிக்கு நொடி பெட்டி காணாமல் போய்ப் போய்த் திரும்பி வரும்.

அவர்கள் சொன்ன யோசனை எனக்கு மிகவும் பிடித்தது. எல்லா டேக்குக்கும் ஒரே நேரம் வைக்காதே என்றார்கள். இந்த டேக் இதுவரை எவ்வளவு ஒழுங்காகப் பதில் சொல்லி வந்திருக்கிறது என்று பார். அதை வைத்து அதற்கான பொறுமையை அளந்துகொள். இதைப் படித்தபோது எனக்கு வளைகுடாவில் பிள்ளைகளை வைத்திருக்கிற எங்கள் தெருத் தாய்மார்கள்தான் ஞாபகத்துக்கு வந்தார்கள். தினமும் ராத்திரி ஒன்பது மணிக்குத் துபாயிலிருந்து கூப்பிடுகிற பையன் இரண்டு நாள் கூப்பிடவில்லை என்றால் அம்மா எழுந்து போய் அவன் அறைத்தோழனின் எண்ணைத் தேடுவாள். மாதம் ஒருமுறை கூப்பிடுகிற பையன் மூன்று வாரம் பேசாவிட்டால் அவள் தொலைக்காட்சித் தொடரைப் பார்த்துக்கொண்டிருப்பாள். கணக்குப் பாடம் படிக்காத அந்த அம்மாள் மனத்துக்குள் போடுகிற கணக்குத்தான் அந்தக் கட்டுரையில் சமன்பாடாக இருக்கிறது. இதில் நான் கண்ட ஒரே குறை, அம்மாள் பழைய கணக்கையே பிடித்துக்கொண்டிருப்பாள். பையனுக்குக் கல்யாணமாகிவிட்டது, கூப்பிடும் வழக்கம் மாறிவிட்டது என்பதை ஏற்க அவளுக்கு இரண்டு வருடம் ஆகும். நிரலுக்கும் அந்தச் சிரமம் உண்டு.

சாட்சி சொல்கிறவனின் உடம்பு எப்படி இருக்கிறது என்று கூடவே எழுதி வைப்பது இன்னொரு நல்ல பழக்கம். 2004இல் பெர்க்லியில் இன்டெல் ஆய்வகத்துக்குள் 54 சென்சார்களைப் பொருத்தி, 31 நொடிக்கு ஒருமுறை வெப்பம், ஈரப்பதம், வெளிச்சம் எல்லாம் அளந்தார்கள். இருபது லட்சத்துக்கு மேற்பட்ட அளவீடுகள். தரவைச் சுத்தம் செய்யப் பழகுகிறவர்கள் இன்றும் அதைத்தான் எடுத்துப் பார்க்கிறார்கள். சில சென்சார்கள் கடைசிக் கட்டத்தில் அறை வெப்பம் 122 பாகை என்று சொல்லியிருக்கின்றன. அலுவலக அறையில்! அதே வரிசையில் பேட்டரி மின்னழுத்தமும் பதிவாகியிருந்ததால் காரணம் விளங்கியது. மின்னழுத்தம் சரியச் சரிய வெப்பம் ஏறிக்கொண்டே போயிருக்கிறது. சாகப்போகிற பேட்டரி அமைதியாகச் சாகவில்லை, காய்ச்சல் கண்டதாகப் பிதற்றிவிட்டுச் செத்திருக்கிறது. மின்னழுத்தப் பத்தி இல்லாவிட்டால் யாராவது ஒரு நல்ல மனிதர் தீயணைப்புத் துறைக்குப் போன் செய்திருப்பார்.

இப்படித் துள்ளி விழுகிற பிழை பரவாயில்லை. பார்த்த உடனே தெரியும். பயப்பட வேண்டியது மெதுவாக நகர்கிற பிழைக்கு. கடற்காற்றின் உப்பும் ஈரமும் சேர்ந்து ஒரு ஈரப்பத சென்சாரைக் கெடுப்பது ஒரு நாளில் நடப்பதில்லை. நேற்றைக்கும் இன்றைக்கும் வித்தியாசம் தெரியாது. போன மாதத்துக்கும் இந்த மாதத்துக்கும்கூடத் தெரியாது. எனக்குக் கண்புரை வந்தபோது இதை என் உடம்பிலேயே பார்த்தேன். முதலில் வலது கண்ணுக்கு அறுவை செய்தார்கள். கட்டைப் பிரித்து வீட்டுக்கு வந்து கொடியில் கிடந்த வேட்டியைப் பார்த்தேன். வலது கண்ணுக்குச் சலவை வெள்ளை. அதைப் பொத்திக்கொண்டு இடது கண்ணால் பார்த்தால் பழுப்பேறிய மஞ்சள். எத்தனை வருடமாக அந்த மஞ்சளை வெள்ளை என்று நம்பிக்கொண்டிருந்தேனோ. புரை விழுந்த லென்ஸ் நீலத்தை வடிகட்டிவிடுகிறது என்று டாக்டர் சொன்னார். இரண்டு கண்ணும் சேர்ந்து மஞ்சளித்தவரை அது எனக்குத் தெரிய வழியே இல்லை. ஒன்று புதுசாகி இன்னொன்று பழசாக இருந்த அந்தக் கொஞ்ச நாளில்தான் வித்தியாசம் தெரிந்தது.

வயசானவர்கள் “அந்தக் காலத்தில் மனுசங்க நல்லவங்க” என்று சொல்லும்போது எனக்கு இந்த வேட்டி நினைவுக்கு வரும். மாறியது காலமாகவும் இருக்கலாம். நம் லென்ஸாகவும் இருக்கலாம். பக்கத்தில் வைத்துப் பார்க்கப் பழைய பதிவேடு இருந்தால் தெரியும்.

அந்தப் பதிவேட்டை நாமே அழித்துவிடுகிறோம் என்பதுதான் வருத்தம். எங்கள் பக்கத்தில் பாகப்பிரிவினைச் சண்டைகள் அதிகம். பத்து சென்ட் நிலத்துக்காக அண்ணனும் தம்பியும் பேச்சை நிறுத்திவிடுவார்கள். அது நடக்கக்கூடியதுதான். அதற்கப்புறம் நடப்பதுதான் எனக்குத் தாங்காது. பல வருடத்துக்கு முன் அண்ணன் தன் சம்பளத்தில் தம்பியைப் படிக்க வைத்தான் என்று பதிவாகி இருக்கிறது. சண்டைக்குப் பிறகு தம்பி அந்தப் பழைய எண்ணின் மேல் புதிய எண்ணை எழுதுகிறான்: “அப்பவே அவனுக்கு நிலத்து மேல கண்ணு. அதுக்குத்தான் படிக்க வச்சான்.” ஒரு தலைமுறை தாண்டினால் பிள்ளைகளுக்கு அடியில் இருந்த எண் தெரியவே தெரியாது. இதன் மறுபக்கமும் உண்டு. செத்துப்போனவரை அடுத்த நாளே தெய்வமாக்கி, அவர் வீட்டில் செய்த கொடுமையை எல்லாம் வெள்ளை மை பூசி மறைப்பது. 1970களின் அண்ணன் நல்லவன், 1990களின் அண்ணன் கெட்டவன் என்று இரண்டு எண்ணையும் அப்படியே வைத்துக்கொண்டு வாழ்வது மனத்துக்குச் சிரமம்தான். பதிவேட்டுக்கு அந்தச் சிரமம் இல்லை.

கருவி பொய் சொல்கிறது என்று தெரிந்தபிறகு எவ்வளவு தூரம் அதை ஒதுக்குவது என்பதிலும் நிதானம் வேண்டும். 2024 மே 29 அன்று டெல்லி முங்கேஷ்பூர் தானியங்கி நிலையம் 52.9 பாகை காட்டியது. நாடே பரபரத்தது. வானிலைத் துறை ஆட்களை அனுப்பி, தரமான கருவியைப் பக்கத்தில் வைத்துச் சோதித்தது. அந்த சென்சார் சுமார் 3 பாகை கூட்டிச் சொல்கிறது என்று தெரிந்தது. அவ்வளவுதான், “எல்லாம் புரளி, சென்சார் கோளாறு” என்று என் நண்பர்கள் சிலரே காலை நடையில் சொல்லத் தொடங்கினார்கள். மூன்றைக் கழித்தால் என்ன மிச்சம் என்று யாரும் கழித்துப் பார்க்கவில்லை. அன்றைக்கு அந்த நகரின் மற்ற நிலையங்கள் 45இலிருந்து 49 வரை காட்டின. மூன்று பாகை பொய் சொன்ன சாட்சியின் வாயில் ஐம்பதை ஒட்டிய மெய்யும் இருந்தது.

எதிர்ப்பக்கத்துத் தப்பு இன்னும் பெரியது. 1978இல் ஏவிய நிம்பஸ்-7 செயற்கைக்கோளில் ஓசோனை அளக்கும் கருவி ஒன்று இருந்தது. 180 டாப்சன் அலகுக்குக் கீழே எண் வந்தால் அது நம்பத்தகாதது என்று கொடி காட்டும்படி நிரல் எழுதியிருந்தார்கள். அதுவரை யாரும் அவ்வளவு குறைவாகப் பார்த்ததில்லை, நியாயமான எல்லைதான். 1980களின் தொடக்கத்தில் தென்துருவத்துக்கு மேலே கொடிகள் கூட்டம் கூட்டமாக எழுந்தன. நாசா ஆட்கள் அதைக் கவனித்துத் தென்துருவத் தரை நிலையத்தின் எண்ணோடு ஒப்பிட்டார்கள். தரை நிலையம் 300 என்றது. செயற்கைக்கோள்தான் தப்பு என்று தோன்றிற்று. பிறகு பார்த்தால், சரிபார்க்கப் போன அந்தத் தரை நிலையத்தின் அளவுதான் தப்பு. இதற்குள் 1985 மே மாதம் ஜோசஃப் ஃபார்மன், பிரையன் கார்டினர், ஜொனாதன் ஷாங்க்ளின் என்ற மூன்று பிரிட்டிஷ்காரர்கள், ஹாலி விரிகுடாவில் வருடக்கணக்காகப் பழைய கருவி ஒன்றால் அளந்த எண்களை வைத்து ஓசோன் சரிவை உலகத்துக்குச் சொல்லிவிட்டார்கள். நாசா எண்களைத் தூக்கி எறிந்துவிட்டது என்று பலர் கதை சொல்வார்கள். அது சரியல்ல. கொடி காட்டினார்களே தவிர எண்களை அழிக்கவில்லை. அதனால்தான் மறுபடி எடுத்துக் கணக்குப் போட்டு, ஓட்டை அண்டார்டிகா முழுக்க எவ்வளவு பெரிசாகப் பரவியிருக்கிறது என்று படமாகவே காட்ட முடிந்தது. என் மேலதிகாரி உயிரோடு இருந்திருந்தால் இந்தக் கதையைச் சட்டைப்பையைத் தொட்டுக்கொண்டே சொல்லியிருப்பார்.

என் பேத்தி டெக்னோபார்க்கில் வேலை பார்க்கிறாள். மீனும் இறாலும் ஏற்றிப்போகிற குளிர்ப்பெட்டி லாரிகளின் சென்சார் எண்களைத் திரட்டிச் சுத்தம் செய்து வாடிக்கையாளருக்குக் காட்டுவது அவள் குழுவின் வேலை. போன ஓணத்துக்கு வந்தபோது மடிக்கணினியைத் திறந்து காட்டினாள். திரையெல்லாம் பச்சை. திடீரென்று ஏறி இறங்குகிற எண்களை நிரல் தானே வெட்டி எறிந்து, வழவழப்பான கோடாகப் போட்டுவிடுகிறது.

“வெட்டினதெல்லாம் எங்க மக்ளே?” என்றேன்.

“அத வச்சுக்கிடல தாத்தா. எல்லாத்தையும் வச்சா கிளவுடுக்கு வாடகை ஏறும்.”

“வாடகை மாசம் எவ்வளவு?”

அவள் சொன்ன தொகையைக் கேட்டேன். அவர்கள் அலுவலகம் ஒரு வாரத்தில் காபிக்குச் செலவழிப்பது அதைவிட அதிகம் என்று அவளே ஒப்புக்கொண்டாள். நான் உபதேசம் எதுவும் செய்யவில்லை. மூலத்தைத் தனியாக வை. திருத்தியதைப் பக்கத்தில் வை. ஏன் திருத்தினாய் என்று மூன்றாவதாக ஒரு பத்தி வை, அதில் ஓட்டுநரும் எழுதட்டும் என்று மட்டும் சொன்னேன். மூன்றாவது பத்தியைக் கேட்டு அவளுடைய மேலாளர் சிரித்தாராம். ஓட்டுநர்களா எழுதப்போகிறார்கள் என்று.

எழுதினார்கள். மலையாளத்திலும் தமிழிலும், எழுத்துப் பிழையோடு, சிலர் குரல் பதிவாகவும். மாதம் இரண்டு போனதும் ஒரே மாதிரியான குறிப்பு திரும்பத் திரும்ப வந்தது: விடிகாலையில் இறக்குமிடத்தில் வரிசை நீளம், கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கிறோம். நிரல் கோளாறு என்று வெட்டி எறிந்துகொண்டிருந்த ஏற்றமெல்லாம் பெட்டிக்குள் மீன் உண்மையாகவே சூடேறிய நேரம். இப்போது அந்த ஏற்றம் திரையில் சிவப்பாகவே நிற்கிறது. வாடிக்கையாளருக்குப் பிடிக்கவில்லை, பழையபடி பச்சையாக்கித் தாருங்கள் என்று கேட்கிறார்கள். கதவைச் சாத்தச் சொல்ல வேண்டியது லாரிக்காரரா, இறக்குமிடத்துக்காரரா என்று பேச்சு நடந்துகொண்டிருக்கிறது. அடுத்த கூட்டம் திங்கட்கிழமை என்றாள்.